விருந்தும் மருந்தும்!

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று சொல்லி வைத்தார்கள் நம்முடைய முன்னோர். நாலாம் நாளும் நகராத விருந்தாளியைக் கண்டால் வீட்டுக்காரியின் முகம் கோணும். நாலாம் நாளும் தொடரும் கஷாயத்தைக் கண்டால் நோயாளியின் முகம் கோணும். சரி! விருந்தும் மருந்தும் ஒரே ஆளாக, கழுத்திலே ஸ்டெதாஸ்கோப்பும் கையிலே பெட்டியுமாக வாசலில் வந்து நின்றால்? மூன்று நாளில் வழியனுப்புவதா, முப்பது ஆண்டு இருத்திக் கொள்வதா?

விளையாட்டுக் கேள்வியல்ல இது, தோழர்களே! ஆப்பிரிக்காக் கண்டத்தின் சிற்றூர் மருத்துவமனைகள் பல, ஆண்டு தவறாமல் எதிர்கொள்ளும் கேள்வி. லண்டனிலிருந்து வருகிறார் ஒரு டாக்டர். டொராண்டோவிலிருந்து வருகிறார் ஒரு நர்ஸ். மிலானிலிருந்து வருகிறார் மயக்க மருந்து கொடுப்பதிலே கைதேர்ந்தவர். சம்பளம் கேட்பதில்லை. தங்கள் விடுமுறையைத் தியாகம் செய்து, பெரும்பாலும் தங்கள் காசிலேயே விமானம் ஏறி, இரண்டு வாரமோ இரண்டு மாதமோ தொண்டு செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். தூய உள்ளம்! ஈர நெஞ்சம்! மறுப்பார் இல்லை, நாமும் மறுக்கவில்லை. மாலை சூட்டி வரவேற்கலாம், தகும்.

ஆனால் மாலை வாடுவதற்குள்ளே கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. விருந்தாளி விடைபெற்ற மறுநாள் காலையில், அந்த மருத்துவமனையின் வாசலிலே, மூச்சுத் திணறும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் வந்து நிற்பாளே, அவளுக்கு யார் பதில் சொல்வது?

நூறு மூட்டை, மூன்று ஆள்!

உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு ஒரு கணக்கை வெளியிட்டது. உலகத்தின் நோய்ச் சுமை முழுவதையும் நூறு மூட்டையாகக் கட்டினால், அதிலே 24 மூட்டை ஆப்பிரிக்க வட்டாரத்தின் முதுகிலே ஏறியிருக்கிறது. அந்த மூட்டையை இறக்கி வைக்க வேண்டிய டாக்டர்களும் தாதியரும் பிற மருத்துவ ஊழியரும் உலகிலே நூறு பேர் இருந்தால், ஆப்பிரிக்காவுக்கு வாய்த்தவர் மூவர்! நூற்றுக்கு 24 நோய். நூற்றுக்கு 3 கை!

ஏன் இந்த நிலை? அந்த மக்களுக்கு அறிவு இல்லையா? படிக்க ஆர்வம் இல்லையா? சொல்லத் துணிவார்கள் சிலர். அவர்களுக்கு ஒரே ஒரு செய்தியைச் சொல்வோம். 1960 ஜூன் 30ஆம் நாள் காங்கோ நாடு விடுதலை பெற்றது. அதற்கு முன்பு மன்னர் லியோபோல்டும், பிறகு பெல்ஜிய அரசுமாக 75 ஆண்டுகள் அதை ஆண்டார்கள். ரப்பர் கொண்டு போனார்கள், செம்பு கொண்டு போனார்கள், வைரம் கொண்டு போனார்கள். கொடி இறங்கிய அன்று, மருத்துவப் பட்டம் பெற்ற காங்கோலியர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், ஒருவர்கூட இல்லை! ஒருவர்கூட! சுரங்கம் தோண்டத் தெரிந்த ஆட்சிக்குக் கல்லூரி கட்டத் தெரியவில்லை. தெரியவில்லையா, மனமில்லையா என்பதை நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

ஆகவே, இன்று விருந்தாளி டாக்டர் நுழைகிற வார்டு வெறும் ஏழ்மையின் வார்டு அல்ல. எடுத்துக்கொண்டு போனவர்கள் கொடுக்காமல் போனதன் வார்டு. இதை உணர்ந்து உள்ளே நுழைகிறவருக்கு, தாம் தருமம் செய்ய வந்ததாகத் தோன்றாது. பழைய பாக்கியிலே ஒரு காசைத் திருப்பித் தர வந்ததாகத் தோன்றும்.

அண்ணன் என்றார் ஒருவர்

ஆல்பர்ட் சுவைட்சர் என்ற பெயரை அறியாதவர் குறைவு. இறையியலிலும் இசையிலும் பெரும்புகழ் பெற்றவர், முப்பது வயதிலே மருத்துவம் படிக்கத் தொடங்கி, 1913ஆம் ஆண்டு காபோன் நாட்டு லம்பரேனேயில் மருத்துவமனை அமைத்தார். 1952ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசு அவரைத் தேடிவந்தது. 1965இல் அங்கேயே மறைந்தார். அரிய உழைப்பு, ஐயமில்லை. ஆனால் ஆப்பிரிக்கரைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து என்ன? அவர்கள் தம் உடன்பிறப்புகளே, ஆனால் தாம் மூத்தவர், அவர்கள் இளையவர் என்பது!

அண்ணனாக இருப்பது குற்றமா? இல்லை. தம்பிக்கு நடை பழக்குகிற அண்ணனை ஊரே போற்றும். தம்பிக்கு மீசை முளைத்த பிறகும் இடுப்பிலிருந்து இறக்கிவிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அண்ணனை என்ன சொல்வது? உள்ளூர்க் கைகளைத் தொழிலுக்குப் பழக்குவதிலே லம்பரேனே போதிய அக்கறை காட்டவில்லை என்று அவருடைய வாழ்நாளிலேயே குறை கூறியோர் உண்டு. புகழ் வெள்ளத்திலே அந்தக் குரல் அமுங்கிப் போயிற்று.

இதோ, வேறொரு வரலாறு. புகழ் குறைவு, பாடம் அதிகம்.

வந்தார் லூசீல்!

உகாண்டா நாட்டின் வடக்கே குலு என்றொரு நகரம். அதன் அருகே லாச்சோர். அச்சோலி மக்கள் வாழும் பகுதி. கத்தோலிக்கத் துறவியர் 1959ஆம் ஆண்டு அங்கே முப்பது படுக்கைகளோடு ஒரு சிறு மருத்துவமனையைத் திறந்தார்கள். 1961இல் அதை ஏற்று நடத்த வந்தார் பியரோ கோர்ட்டி என்னும் இத்தாலியக் குழந்தை மருத்துவர். அறுவை மருத்துவர் வேண்டுமே, எங்கே போவது? கனடாவில் உடன் பணிபுரிந்த ஒருவரை நினைவுகூர்ந்தார். லூசீல் டீஸ்டேல்! மாண்ட்ரியால் நகரத்து மளிகைக் கடைக்காரரின் மகள். 1955இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். பெண் என்கிற ஒரே காரணத்துக்காக அமெரிக்க மருத்துவமனைகள் அவருக்கு அறுவைப் பயிற்சி தர மறுத்த காலம் அது.

"சம்பளம் தர இயலாது, விமானக் கட்டணமும் சிகரெட் செலவும் என் பொறுப்பு, இரண்டு மாதம் வந்து உதவ முடியுமா?" இப்படி அமைந்தது கோர்ட்டியின் அழைப்பு. இரண்டே மாதம்! அம்மையார் வந்தார். அவ்வாண்டு டிசம்பரிலே அந்த மருத்துவமனைக் கோயிலிலேயே இருவருக்கும் திருமணம் நடந்தது. மறு ஆண்டு மகள் பிறந்தாள். அந்தக் குழந்தையை அச்சோலி மக்கள் 'அத்திம்' என்று அழைத்தார்கள். சொந்த ஊருக்குத் தொலைவிலே பிறந்தவள் என்று பொருள். இரண்டு மாத விருந்தாளி, முப்பத்தைந்து ஆண்டு வீட்டுக்காரியானார்!

காலையிலே வெளிநோயாளிகள், பிற்பகலிலே அறுவை அரங்கு, இதுதான் அம்மையாரின் அன்றாடம். அவர் செய்த அறுவைகள் 13,000க்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அரசியல் புயல் அடிக்காமலில்லை. 1962 அக்டோபர் 9இல் உகாண்டா விடுதலை பெற்றது. 1971இல் இடி அமீன் ஆட்சியைப் பறித்தார். 1972இல் ஆசிய வம்சத்தவரை 90 நாள் கெடு வைத்து விரட்டினார். அவர்களோடு டாக்டர்களும் ஆசிரியர்களும் போனார்கள். 1979இல் அமீன் வீழ்ந்தார், போரோ வீழவில்லை. படைக்குப் பின் படை. காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து லாச்சோர் வாசலிலே குவித்தார்கள்.

குண்டு துளைத்த தொடையிலே கைவிட்டுச் சிதறிய எலும்பை எடுக்க வேண்டும். எலும்புச் சில்லு கத்தியைப் போன்றது. கையுறை கிழியும், விரலும் கிழியும். அந்தக் கிழிசல் வழியே நுழைந்தது எய்ட்ஸ் கிருமி. 1985ஆம் ஆண்டு அது உறுதியாயிற்று. இரண்டு ஆண்டுதான் என்றார்கள் வல்லுநர்கள். அம்மையார் பதினோரு ஆண்டு வாழ்ந்தார். அதிலே பெரும்பகுதி பணியாற்றியபடியே வாழ்ந்தார். 1996 ஆகஸ்ட் 1ஆம் நாள் இத்தாலியிலே உயிர் பிரிந்தது. உடலோ, லாச்சோர் மருத்துவமனை வளாகத்துக்குள்ளே அடக்கம் செய்யப்பட்டது.

உருக்கமான கதை அல்லவா? கண்ணீர் வருகிறது அல்லவா? வரட்டும். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாருங்கள்: அம்மையாரின் பெருமை அவர் இறந்த விதத்திலே இல்லை. இறந்த பிறகும் மறுநாள் காலை அந்த அறுவை அரங்கு திறந்ததே, அதிலே இருக்கிறது!

வாரிசு யார்?

பியரோ கோர்ட்டி கட்டடம் கட்டுவதிலே வல்லவர். காசு திரட்டுவதிலே வல்லவர். ஆயினும் அந்தத் தம்பதியர் கட்டியதிலே உயர்ந்தது சுவர் அல்ல. தாதியர் பள்ளி ஒன்றை நிறுவினார்கள். உகாண்டாவின் இளம் டாக்டர்கள் பயிற்சிக்கு வரும் இடமாக லாச்சோரை ஆக்கினார்கள். 1983இல் அப்படி வந்தார் மேத்யூ லுக்வியா என்னும் அச்சோலி இளைஞர். சில மாதத்துக்குள்ளேயே அவர்கள் கண்டுகொண்டார்கள்: இதோ, நமக்குப் பின் நடத்த வேண்டியவன்!

கத்தோலிக்க மருத்துவமனை அது, லுக்வியாவோ புராட்டஸ்டண்ட். 'எந்தச் சபை?' என்று கேட்டார்களா? 'கை எப்படி?' என்றுதான் பார்த்தார்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்கு அவர் மேற்படிப்புக்குச் சென்றார். சிறப்பாகத் தேறினார். இங்கேயே ஆசிரியராக இருந்துவிடு என்றார்கள். இருந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? நல்ல சம்பளம், நல்ல வீடு, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி. அவரோ பெட்டியைக் கட்டினார், லாச்சோருக்குத் திரும்பினார்!

எதற்குத் திரும்பினார்? ஜோசப் கோனியின் கிளர்ச்சிப் படை ஊர்களைக் கொளுத்தி, பிள்ளைகளைக் கடத்திச் சென்ற வடக்கு உகாண்டாவுக்கு! பொழுது சாய்ந்தால் ஆயிரக்கணக்கில் தாய்மாரும் குழந்தைகளும் பாய் சுருட்டோடு நடந்துவந்து மருத்துவமனை வளாகத்திலே படுத்துறங்கிய காலம் அது. அதற்கும் முன்பே, 1989இல், புனித வெள்ளியன்று, மருத்துவமனைப் பெண் ஊழியரைக் கடத்த வந்த கிளர்ச்சிக்காரரிடம், "என்னைக் கொண்டு போங்கள்" என்று தம்மை ஒப்படைத்தவர் அவர். டாக்டர் அங்கியோடு ஒரு வாரம் காட்டிலே நடத்தினார்கள், பிறகு விட்டார்கள்.

2000ஆம் ஆண்டு அக்டோபர். தலைநகர் கம்பாலாவிலே மேலும் ஒரு படிப்பிலே இருந்தார் லுக்வியா. லாச்சோரிலிருந்து தொலைபேசி. பயிற்சித் தாதியர் புரியாத நோயிலே சாகிறார்கள் என்று செய்தி. விரைந்தார். இரவோடு இரவாக நோயாளிகளின் குறிப்பேடுகளைப் புரட்டினார். காய்ச்சல், வாந்தி, குருதிப்போக்கு. இது சாதாரணக் காய்ச்சலல்ல என்று ஐயுற்றார். மேலதிகாரிக்கு மனு, அவருக்கு மேலதிகாரிக்கு நகல் என்று காத்திருக்கவில்லை. அரசுக்கு நேரே தகவல் சொன்னார். குருதி மாதிரி தென்னாப்பிரிக்கா சென்றது. விடை வந்தது: எபோலா! விடை வரும் முன்பே, உலக சுகாதார நிறுவனக் கையேட்டின்படி தனி வார்டு அமைத்து முடித்திருந்தார் அவர்.

கவனியுங்கள், தோழர்களே! நோயைக் கண்டவர் கடல் கடந்து வந்த வல்லுநரா? இல்லை. அந்த மண்ணின் மகன். பிறகு வந்தார்கள் வெளிநாட்டு வல்லுநர்கள், அமெரிக்க ஆய்வாளர் அந்த மருத்துவமனையிலேயே பரிசோதனைக் கூடம் அமைத்தார்கள், பேருதவியாயிற்று. ஏன் உதவியாயிற்று? வந்த உதவியை வாங்கி வைத்து வேலை வாங்க, உள்ளே ஓர் ஆள் இருந்தார். கொள்கலம் இருந்ததால் மழைநீர் தங்கிற்று!

நவம்பர் இறுதி. தாதியர் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். எஞ்சியோர் திரண்டார்கள்: "மருத்துவமனையை மூடுங்கள்!" குற்றம் சொல்ல முடியுமா? அவர்களுக்கும் குழந்தை உண்டே! லுக்வியா அவர்களைக் கூட்டி மணிக்கணக்கிலே பேசினார். மூடினால் தாம் குலுவை விட்டே போய்விடுவதாகச் சொன்னார். அதட்டலால் அல்ல, கூடவே நின்று நோயாளியைத் தொட்ட கையின் தகுதியால் பேசினார். அவர்கள் நின்றார்கள்! அடுத்த சில நாளிலே அவருக்கே நோய் கண்டது. சாவதானால் தாமே கடைசியாக இருக்கட்டும் என்று அவர் சொன்னதாக உடனிருந்தோர் கூறினார்கள். 2000 டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். லூசீல் அம்மையாரின் கல்லறைக்குப் பக்கத்திலே அவரை அடக்கம் செய்தார்கள்.

அந்தக் கொள்ளைநோயிலே நோயுற்றோர் 425 பேர். மாண்டோர் 224 பேர். 2001 பிப்ரவரியிலே அது ஒழிந்தது. லாச்சோர் ஊழியர் மட்டும் பத்துப் பேருக்கு மேல் பலியானார்கள். 2003இல் கோர்ட்டியும் மறைந்தார். மூவரும் போயினர். மருத்துவமனை? இன்றும் சுமார் 480 படுக்கைகளோடு நிற்கிறது. டாக்டர்களும் தாதியரும் ஏறத்தாழ எல்லோரும் உகாண்டா மக்கள். குலு பல்கலைக்கழகத்து மாணவர் அங்கே மருத்துவம் பயில்கிறார்கள்.

என்ன செய்யட்டும் விருந்தாளி?

"எல்லோரும் முப்பத்தைந்து ஆண்டு தங்க முடியுமா?" என்பீர்கள். முடியாது, கேட்கவும் இல்லை. இரண்டு மாதத்திலும் செய்யத்தக்கது உண்டு, செய்யத்தகாததும் உண்டு.

முதலாவது, சொந்த ஊரிலே செய்ய அனுமதி இல்லாததை ஆப்பிரிக்க ஏழையின் உடம்பிலே செய்து பழகாதே! படிப்பு முடியாத மாணவன் தன் ஊரிலே கத்தியைத் தொட்டால் காவலர் வருவார்கள். ஆப்பிரிக்கச் சிற்றூரிலே தொட்டால் புகைப்படம் எடுக்கிறார்கள்! ஏழையின் வயிறு பள்ளிக்கூடப் பலகையா, எழுதி எழுதி அழிப்பதற்கு? அந்தந்த நாட்டு மருத்துவ மன்றத்தின் உரிமம் பெற்றுப் பணி செய்வதுதான் மரியாதை.

இரண்டாவது, உள்ளூர்க்காரனிடம் கேள்! மழைக்காலத்திலே மலேரியாவால் வெளுத்துப்போன குழந்தை வருகிறது. குருதி ஏற்றினால் பிழைக்கும். அன்றைக்குக் குருதி கைவசம் எவ்வளவு, அடுத்த குப்பி எப்போது வரும், எந்தக் குழந்தைக்கு முதலில் என்று அறிந்தவர் யார்? பத்து ஆண்டாக அந்த வார்டிலே நிற்கும் தாதி. மரத்தடியிலே அடுப்பு மூட்டி நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சும் பாட்டி, எதற்குத் தலையாட்டுகிறாள், எதற்கு மௌனம் சாதிக்கிறாள் என்று அறிந்தவரும் அந்தத் தாதியே. விருந்தாளியின் பட்டம் பெரிதாக இருக்கலாம். அந்த வார்டிலே அவர் முதல் வகுப்பு மாணவர்!

மூன்றாவது, பயன்படாத பொருளைப் பரிசென்று கொண்டு வராதே! அமெரிக்காவின் மின்சாரம் 120 வோல்ட். உகாண்டாவின் மின்சாரம் 240 வோல்ட். கப்பலேறி வந்த கருவியைச் செருகினால் புகைதான் வரும், மூச்சுக்காற்று வராது. மாற்று உறுப்பு கிடைக்காத கருவி, பழுது பார்க்க ஆளில்லாத கருவி, மருத்துவமனை மூலையிலே துணி போர்த்திக் கிடக்கும் பிணம்!

நான்காவது, எல்லாவற்றிலும் தலையாயது: கற்றுக் கொடு! மொசாம்பிக் நாட்டைப் பாருங்கள். 1975இல் விடுதலை, போர்ச்சுகீசிய டாக்டர்கள் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். கை பிசைந்து நிற்கவில்லை அந்நாடு. 1984 முதல், டாக்டர் பட்டம் இல்லாத மருத்துவ உதவியாளருக்கே அறுவைப் பயிற்சி தந்தது. பிரசவம் தடைப்பட்ட தாயைக் கீறிப் பிள்ளையை எடுக்க அவர்கள் பழகினார்கள். ஏழாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, அவர்களிலே பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சிற்றூர் மருத்துவமனையிலேயே இருந்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட டாக்டர்களிலே ஒருவரும் இல்லை! இரண்டு மாத விருந்தாளி நூறு அறுவை செய்தால் நூறு பேர் பிழைப்பார்கள். நான்கு பேருக்கு அந்த அறுவையைக் கற்பித்தால், அவர் போன பிறகும் ஆண்டுக்காண்டு பிழைத்துக்கொண்டே இருப்பார்கள்.

இடக்கை பிடுங்குவதை என்ன சொல்ல?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிக் கட்டுரை. ஒருபுறம் தொண்டு டாக்டர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் செல்வ நாடுகள், மறுபுறம் என்ன செய்கின்றன? ஆப்பிரிக்க மக்களின் வரிப்பணத்திலே படித்துத் தேறிய டாக்டரையும் தாதியையும் சம்பளம் காட்டி இழுத்துக் கொள்கின்றன! வலக்கை ஒரு பிடி அரிசி போடுகிறது. இடக்கை உலையோடு பானையைத் தூக்குகிறது! 2010ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை இதற்கென ஒரு நடைமுறை விதியை நிறைவேற்றியது. ஆள் பற்றாக்குறையால் அல்லல்படும் நாடுகளிலே வலிந்து ஆள் பிடிக்காதீர்கள் என்றது. நல்ல விதி. ஆனால் மீறினால் தண்டனை? இல்லை. பல் இல்லாத விதி!

போகிறவரைக் குற்றவாளி என்போமா? மாட்டோம். மாதக்கணக்கிலே சம்பளம் வராவிட்டால், கையுறைகூட இல்லாமல் வேலை செய்யச் சொன்னால், யாருக்கும் கால் வெளியேதான் இழுக்கும். அங்கே இருப்பவருக்கு நியாயமான ஊதியம், குடியிருக்க வீடு, கையுறை, மருந்து, மேற்படிப்பு இவற்றுக்கு வழி செய்தால், ஒரு லுக்வியா அல்ல, ஓராயிரம் லுக்வியா நிற்பார்கள். தொண்டுக்கு வரும் ஒவ்வொரு டாக்டரும் தாயகம் திரும்பியதும் தம் அரசாங்கத்திடம் இதைக் கேட்கட்டும். அதுவும் சிகிச்சைதான், ஒருவேளை, அவர் செய்யக்கூடியதிலே பெரிய சிகிச்சையும் அதுதான்.

விருந்து மூன்று நாளாகவே இருக்கட்டும், தோழர்களே! வந்தவர் வாழ்த்துப் பெற்று விடைபெறட்டும். ஆனால் மருந்தைப் பிசையும் கை, வயிற்றைத் தைக்கும் கை, 'மூடாதே, நான் இருக்கிறேன்' என்று சொல்லும் குரல், அவை அந்த மண்ணிலேயே வேர்விடட்டும். லாச்சோரிலே இரண்டு கல்லறைகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று வந்தவருடையது; ஒன்று அந்த மண்ணிலேயே பிறந்தவருடையது. முதற் கல்லறையைக் கண்டு வணங்குவோம். இரண்டாவதைக் கண்டு கற்றுக்கொள்வோம்!